பழைய கிட்டார் ஆம்ப் இரைகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வால்வு போட்ட பழைய கிட்டார் ஆம்ப் ஒன்று உங்களிடம் இருக்கிறது. நன்றாகத்தான் பாடுகிறது. ஆனால் கூடவே உறுமுகிறது, சீறுகிறது, இல்லையென்றால் திடீர் திடீரென்று பொரிகிறது. இந்த நிலையில் பலரும் முதலில் செய்வது புது வால்வு செட் ஒன்றை வாங்கிப் போடுவதுதான். பல நேரம் பணம் போகும், சத்தம் போகாது. சத்தம் எப்படிப்பட்டது, எந்தக் குமிழைத் திருப்பினால் மாறுகிறது, ஸ்விட்ச் போட்டவுடனே வருகிறதா அல்லது சூடான பிறகு வருகிறதா என்ற மூன்றையும் கவனித்தால், பழுது எந்தப் பக்கம் என்பதைப் பெட்டியைத் திறக்காமலே பெரும்பாலும் சொல்லிவிடலாம். கீழே உள்ள பதில்கள் அந்த வழியில்தான் போகின்றன.

ஆம்பை நானே திறக்கலாமா?

இந்தப் பக்கத்தில் உள்ள சோதனைகளில் பாதியைத் திறக்காமலே செய்யலாம். முதலில் அவற்றைச் செய்து பாருங்கள்.

திறக்க வேண்டி வந்தால் ஒன்றை மனதில் வையுங்கள். வால்வு ஆம்புக்குள் 300 முதல் 500 வோல்ட் வரை டிசி ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த வோல்டேஜ், மின்சாரத்தைச் சேமித்துச் சமப்படுத்தும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் தங்கி நிற்கும். சில ஆம்ப்களில் தானாக இறங்கிவிடும், சிலவற்றில் நீண்ட நேரம் அப்படியே இருக்கும். அதனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரை டிசி 1000 வோல்ட் ரேஞ்சில் வைத்து, ஒவ்வொரு ஃபில்டர் கெபாசிட்டரின் பாசிட்டிவ் முனைக்கும், பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டமான சேசிஸுக்கும் நடுவே அளந்து பாருங்கள். வோல்டேஜ் இருந்தால் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் உள்ள கிளிப் வயரில் இணைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை முதலில் சேசிஸில் மாட்டி, மறு முனையை கெபாசிட்டரில் அரை நிமிடம் வைத்திருங்கள். பிறகு மறுபடியும் அளந்து பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். தீப்பொறி பறக்கும், கெபாசிட்டரும் கெடும். கரண்ட் இருக்கும்போது அளக்க வேண்டியிருந்தால் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறும் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும், அதுதான் ஆளைக் கொல்லும்.

இதைப் படிக்கும்போதே தயக்கம் வந்தால் அந்தத் தயக்கத்துக்கு மதிப்புக் கொடுங்கள். திறக்காமல் செய்யக்கூடியதைச் செய்துவிட்டு, மீதியைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

இன்னொன்று: ஸ்பீக்கரைக் கழற்றி வைத்துவிட்டு வால்வு ஆம்பை ஓட்டாதீர்கள். சுமை இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி, அதன் சுற்றே எரிந்துபோகலாம்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

கிட்டார் கேபிளை ஆம்பிலிருந்து பிடுங்குங்கள். பெரும்பாலான ஆம்ப்களில் பிளக் வெளியே வந்ததும் இன்புட் ஜாக்கின் உள்ளே இருக்கும் ஒரு தகடு, இன்புட்டைத் தானாக எர்த்தோடு சேர்த்துவிடும். பிடுங்கியதும் சத்தம் நின்றால் ஆம்ப் மேல் தவறில்லை. கிட்டார், கேபிள், அறை மூன்றில் ஒன்றுதான் காரணம்.

கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப், ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் வகை என்றால் உட்கார்ந்த இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஒரு பக்கம் பார்க்கும்போது உறுமல் கூடி, இன்னொரு பக்கம் குறைந்தால் அது பிக்கப் பிடிக்கும் மின்காந்தப் புலம். டிரான்ஸ்ஃபார்மர், விளக்கு டிம்மர், மலிவான சார்ஜர் எல்லாமே இதைக் கிளப்பும். இந்தத் தொல்லைக்காகத்தான் கிப்சனில் வேலை பார்த்த செத் லவர், எதிரெதிராக இணைத்த இரண்டு காயில்களைக் கொண்ட ஹம்பக்கர் பிக்கப்புக்கு 1955-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

கம்பியைத் தொட்டதும் சத்தம் குறைகிறது என்று பலர் பயந்து கேட்பார்கள். அது இயல்புதான். உங்கள் உடம்பு ஆன்டெனா போல அறையில் உள்ள இரைச்சலைப் பிடித்து கிட்டாருக்குக் கொடுக்கிறது. கம்பியைத் தொட்டதும் உடம்பும் எர்த்தோடு சேர்ந்துவிடுகிறது. தொட்டால் சத்தம் கூடினால்தான் கவலைப்பட வேண்டும். கிட்டாருக்குள்ளோ கேபிளிலோ எர்த் வயர் விட்டுப்போயிருக்கலாம்.

கேபிள் இல்லாமலும் சத்தம் இருந்தால் ஆம்புக்குள் போகலாம். அதற்கு முன்னால் இன்புட் ஜாக்கில் ஒரு கேபிளைப் பத்து முறை செருகி எடுங்கள். எர்த்தோடு சேர்க்கும் அந்தத் தகட்டில் அழுக்கு ஏறியிருந்தாலும் ஆம்ப் உறுமும்.

உறுமல் 50 ஹெர்ட்ஸா 100 ஹெர்ட்ஸா என்று காதால் எப்படிச் சொல்வது?

கையில் கிட்டார் இருக்கிறதே, அதுவே போதும். தடித்த ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். உங்கள் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் அந்தச் சுரத்தை வாசித்துவிட்டு உறுமலைக் கேளுங்கள். கிட்டத்தட்ட அதே சுருதியில், ஒரு முள் சேர்ந்த மாதிரி 'ஜிர்ர்' என்று இருந்தால் அது 100 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்தாயி கீழே, மழமழவென்று 'ம்ம்ம்' என்று இருந்தால் 50. மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் அதே கம்பியின் ஆறாவது, ஏழாவது ஃப்ரெட்டுகளுக்கு இடையில் வரும் சுருதியோடு ஒப்பிடுங்கள். அது 120 ஹெர்ட்ஸ் இருக்கும் இடம்.

இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். ஏசியை டிசியாக மாற்றும்போது அலையின் இரண்டு பாதிகளும் பயன்படுவதால் அதிர்வு எண் இரட்டிப்பாகிறது. ஆகவே 100 அல்லது 120 என்றால் மாற்றிய பிறகு உள்ள பகுதியில், அதாவது பவர் சப்ளையில் பழுது. 50 அல்லது 60 என்றால் மாற்றுவதற்கு முந்தைய ஏசி எங்கிருந்தோ உள்ளே கசிகிறது.

100 ஹெர்ட்ஸ் ரீங்காரம். என்ன செய்வது?

முதல் சந்தேகம் ஃபில்டர் கெபாசிட்டர்கள் மேல்தான். இவை எலக்ட்ரோலைட்டிக் வகை, உள்ளே ஈரமான ரசாயனக் கலவை இருக்கும். வருடங்கள் போகப் போக அது காய்ந்துவிடும். இருபது வருடம் தாண்டிய கெபாசிட்டர் வேலை செய்கிறது என்றாலும் அதை நான் நம்பமாட்டேன். மேல்பக்கம் உப்பியிருந்தாலோ, அடியில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தாலோ யோசிக்கவே வேண்டாம். ஆனால் வெளியே பளபளவென்று இருந்தும் உள்ளே செத்துப்போனவை நிறைய உண்டு.

கெபாசிட்டர் தளர்ந்துவிட்டதற்கு இன்னொரு அடையாளம் இருக்கிறது. அதை இசைக்காதுதான் பிடிக்கும். முதல் கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் ஏ சுரத்தைச் சத்தமாக வாசிக்கிறீர்கள், 440 ஹெர்ட்ஸ். அதன் அடியில் சுருதி சேராத இன்னொரு சுரம் பேய் மாதிரி நிழலாடுகிறது. என்ன நடக்கிறது என்றால், பவர் சப்ளையில் வடிகட்டப்படாமல் மிஞ்சிய 100 ஹெர்ட்ஸ் அலை உங்கள் சுரத்தோடு கலக்கிறது. கலந்து 340-ஐயும் 540-ஐயும் உண்டாக்குகிறது. 340 என்பது ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் எதிலும் சேராமல் கிடக்கும் இடம். கம்பியைப் பெண்ட் செய்தால் அந்தப் பேய்ச் சுரம் உங்கள் சுரத்தோடு இடைவெளி மாறாமல் வராது, வேறு அளவில் நகரும். கேபிளை மாற்றியோ கிட்டாரின் இன்டோனேஷனைத் திருத்தியோ இதைச் சரிசெய்ய முடியாது.

மாற்றும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். வோல்டேஜ் அளவு பழையதைவிடக் குறையக் கூடாது. பாசிட்டிவ், நெகட்டிவ் பக்கம் மாறக் கூடாது, மாறினால் வெடிக்கும். 'பெரிசாகப் போட்டால் நல்லதுதானே' என்று முதல் கெபாசிட்டரின் மதிப்பை இஷ்டத்துக்குக் கூட்டக் கூடாது. ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபயர் வால்வு உள்ள ஆம்ப்களில் அதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. ஜிஇசட்34 வால்வுக்கு அந்த வரம்பு 60 மைக்ரோஃபாரட். அதைத் தாண்டினால் ஸ்விட்ச் போடும் ஒவ்வொரு முறையும் வால்வு அடி வாங்கும்.

பவர் வால்வு இரண்டும் ஜோடி சேராமல் போனாலும் 100 ஹெர்ட்ஸ் மேலே வரும். இரண்டு வால்வும் எதிரெதிராக வேலை செய்யும் புஷ்-புல் அமைப்பில் இரண்டு பக்கமும் சமமாகக் கரண்ட் இழுத்தால் சப்ளையில் உள்ள இரைச்சல் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் தன்னைத்தானே அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு வால்வு தளர்ந்தால் அந்தச் சமநிலை கெடும்.

50 ஹெர்ட்ஸ் உறுமல் என்றால்?

வால்வை உள்ளிருந்து சூடாக்கும் ஹீட்டர் பக்கம் பாருங்கள். பெரும்பாலான ஆம்ப்களில் இது 6.3 வோல்ட் ஏசி. இந்த இரண்டு வயர்களும் ஒன்றையொன்று இறுக்கமாக முறுக்கிக்கொண்டு, மற்ற வயர்களை விட்டு விலகிப் போக வேண்டும். யாராவது முன்பு பழுது பார்த்தபோது முறுக்கைப் பிரித்து, வால்வுக்குச் சிக்னலைக் கொண்டுபோகும் கிரிட் வயர் பக்கத்தில் படுக்க வைத்திருந்தால் போதும், உறுமல் வந்துவிடும்.

ஹீட்டர் சுற்றின் நடுமுனை எர்த்தில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நடுமுனை இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் என்றால் இரண்டு பக்கத்திலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று எர்த்துக்குப் போகும். அதில் ஒன்று கருகியிருந்தால் கண்ணுக்கே தெரியும். வயரிங் எல்லாம் சரியாக இருந்தும் உறுமினால், ஏதோ ஒரு வால்வுக்குள் ஹீட்டரிலிருந்து, அது சூடாக்கும் கேத்தோடுக்குக் கசிவு இருக்கலாம். இங்கேதான் வால்வை மாற்றிப் பார்ப்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

எந்த வால்வு, எந்தப் பகுதி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வால்யூம் குமிழ். வால்யூமைக் கூட்டக் கூட்டச் சத்தமும் கூடினால் பழுது வால்யூமுக்கு முன்னால், முதல் வால்வு பக்கம். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் அதே அளவு கேட்டால் அதற்குப் பின்னால்.

அடுத்து வால்வுகளை ஒவ்வொன்றாக எடுப்பது. ஆம்பை நிறுத்தி, ஆறவிட்டு, இன்புட் பக்கம் உள்ள முதல் வால்வை எடுங்கள். வால்வு இல்லாமலே ஆம்பின் ஸ்விட்சை மறுபடி போட்டுக் கேளுங்கள். சத்தம் போகவில்லையென்றால் அடுத்ததை எடுங்கள். இப்படியே பவர் வால்வுக்கு முன்னால், சிக்னலை இரண்டு எதிரெதிர் அலைகளாகப் பிரிக்கும் ஃபேஸ் இன்வெர்ட்டர் வால்வு வரை போகலாம். எந்த வால்வை எடுத்ததும் சத்தம் நிற்கிறதோ, அந்த வால்வில் அல்லது அதைச் சுற்றியுள்ள பாகங்களில்தான் பழுது. நல்ல வால்வு ஒன்றை அங்கே போட்டுப் பாருங்கள். அதற்கும் சத்தம் வந்தால் வால்வு மேல் குற்றமில்லை. ஃபேஸ் இன்வெர்ட்டரையும் எடுத்த பிறகு சத்தம் அப்படியே இருந்தால் பவர் வால்வு அல்லது பவர் சப்ளை. பெட்டிக்குப் பின்னால் கை விட்டுச் செய்யும் வேலைதான் இது, சேசிஸைக் கழற்ற வேண்டாம்.

12ஏஎக்ஸ்7 என்பதும் ஈசிசி83 என்பதும் ஒரே வால்வுதான், அமெரிக்கப் பெயர் ஒன்று, ஐரோப்பியப் பெயர் ஒன்று. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பவர் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத சின்ன ஆம்ப்கள் சில உண்டு. அவற்றில் ஹீட்டர்கள் சரம் போல ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கும், ஒரு வால்வை எடுத்தால் எல்லாமே அணைந்துவிடும். சோதனை செல்லாது என்பது இருக்கட்டும். இந்த ஆம்ப்களில் சேசிஸ் வீட்டு மின்சாரத்தோடு நேராகச் சேர்ந்திருக்கக்கூடும். வீட்டு மின்சாரத்திலிருந்து ஆம்பைப் பிரித்துவைக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இவற்றைத் தொடவே வேண்டாம்.

'ஸ்ஸ்ஸ்' என்று மழை பெய்வது போலச் சீறுகிறதே?

கொஞ்சம் சீறல் இருக்கத்தான் செய்யும். எந்த ரெசிஸ்டரிலும் வெப்பத்தாலேயே மின் இரைச்சல் உண்டு. பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் இதை அளந்தார், ஹாரி நைக்விஸ்ட் விளக்கினார், இருவரும் 1928-இல் வெளியிட்டார்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் இது முழுதாகப் போகாது.

பழைய ஆம்பில் அதற்கு மேலே சேர்வது கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்களின் சத்தம். அழுத்திச் சேர்த்த கார்பன் துகள்கள் வழியாக டிசி ஓடும்போது கூடுதல் இரைச்சல் பிறக்கிறது. முதல் வால்வில் சிக்னல் வெளியே வரும் முனையான பிளேட்டுக்குப் போகும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்தான் முக்கியக் குற்றவாளி. அங்கே பிறக்கும் சத்தத்தைப் பின்னால் உள்ள ஒவ்வொரு கட்டமும் பெரிதாக்கிக்கொண்டே போகும். அதை மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டராக மாற்றுங்கள். ஆம்ப் முழுவதும் உள்ள ரெசிஸ்டர்களை அள்ளிப் போட்டு மாற்றுவதை நான் சொல்லமாட்டேன். பலன் முதல் ஒன்றிரண்டில்தான் இருக்கிறது. நல்ல பழைய ஆம்பின் உள்ளே தேவையில்லாமல் சூடு வைக்கக் கூடாது.

அவ்வப்போது கரகரவென்று பொரிகிறது. கையில் பிடிபடவே இல்லை.

தொந்தரவிலேயே பெரிய தொந்தரவு இதுதான், ஏனென்றால் தேடும்போது ஒளிந்துகொள்ளும். லூஸ் காண்டாக்ட், பிளேட் ரெசிஸ்டர், வால்வு சாக்கெட் மூன்றும்தான் வழக்கமான இடங்கள்.

சாக்கெட்டைச் சோதிக்க வால்வை மெல்ல ஆட்டிப் பாருங்கள். பொரிந்தால், ஆம்பை நிறுத்தி கெபாசிட்டர்களை இறக்கிய பிறகு, காண்டாக்ட் கிளீனர் அடித்து, சாக்கெட்டின் தகடுகளை ஊசியால் கொஞ்சம் நெருக்கி விடுங்கள். உள்ளே உள்ள இணைப்புகளைச் சோதிக்கக் காய்ந்த மரக்குச்சி ஒன்றை எடுத்து, ஆம்ப் ஓடும்போது ஒவ்வொரு பாகத்தையும் இலேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். பேனா வேண்டாம், பென்சிலும் வேண்டாம். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும்.

என்னுடைய ஆம்ப் ஒன்று இருபது நிமிடம் வாசித்த பிறகு பொரிய ஆரம்பிக்கும். வால்வை மாற்றினேன், பிளேட் ரெசிஸ்டர்களை மாற்றினேன், நிற்கவில்லை. ஒரு நாள் குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தபோது, ஃபில்டர் கெபாசிட்டர்களின் எர்த் வயரைச் சேசிஸில் ஈயம் வைத்திருந்த இடத்தைத் தொட்டதும் 'டப்'பென்று வெடித்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஈயக் கட்டியைச் சுற்றி மயிரிழை போல ஒரு வட்டக்கோடு. பார்வைக்கு ஒட்டியிருந்தது, சூடேறிச் சேசிஸ் விரிந்ததும் விட்டுக்கொண்டிருந்தது. சேசிஸ் இரும்பு சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால் சின்ன சால்டரிங் அயர்ன் அங்கே போதாது. 100 வாட் அயர்னை வைத்து உருக்கிய பிறகு அந்தச் சத்தம் திரும்பி வரவில்லை. அதிலிருந்து நான் முதலில் பார்ப்பது எர்த் இணைப்புகளைத்தான்.

சில பழைய ஃபெண்டர் ஆம்ப்களில் பாகங்கள் மெழுகு பூசிய கறுப்பு ஃபைபர் அட்டையில் இருக்கும். அட்டை ஈரம் இழுத்தால் அதுவே இலேசாக மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கும். மீட்டரின் ஒரு முனையைச் சேசிஸில் வைத்து, மறு முனையால் வெறும் அட்டையைத் தொடுங்கள். அங்கே பல வோல்ட் காட்டினால் பொரியலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

ஆம்பைத் தட்டினால் 'டிங்' என்று மணி போலக் கேட்கிறது.

வால்வு மைக் மாதிரி வேலை செய்கிறது, உள்ளே உள்ள தகடுகள் தளர்ந்துவிட்டன. குச்சியால் ஒவ்வொரு வால்வாகத் தட்டுங்கள். முதல் வால்வு இலேசாகக் கேட்பது சகஜம். தட்டிய பிறகும் இழுத்துக்கொண்டே போனாலோ, வால்யூம் வைத்ததும் தானாக ஊளையிட்டாலோ மாற்றுங்கள். அந்த வால்வு கெட்டுப்போனதல்ல, ஃபேஸ் இன்வெர்ட்டர் இடத்தில் போட்டால் பெரும்பாலும் இன்னும் பல காலம் ஓடும்.

'புட் புட் புட்' என்று படகு மோட்டார் போல அடிக்கிறது.

ஃபில்டர் கெபாசிட்டர்கள்தான். பின் கட்டத்தில் ஏறி இறங்கும் கரண்ட் சப்ளை வழியாக முன் கட்டத்துக்குத் திரும்பி வந்து சுழல்கிறது. அதிக நேரம் ஓட விடாதீர்கள், ஸ்பீக்கர் கூம்பு தாங்காது.

வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரக்கிறது.

காண்டாக்ட் கிளீனரைக் குமிழின் பின்னால் உள்ள பொட்டென்ஷியோமீட்டருக்குள் அடித்து, இருபது முப்பது முறை முழுக்கத் திருப்புங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். இரண்டு வாரத்தில் மறுபடி வந்தால் குமிழைத் திட்டாதீர்கள். அதற்கு முன்னால் உள்ள கப்ளிங் கெபாசிட்டர், சிக்னலை மட்டும் விட்டுத் தடுக்க வேண்டிய டிசியைக் கசியவிடுகிறது. ஆம்ப் ஓடும்போது பொட்டென்ஷியோமீட்டரின் முனையில் டிசி அளந்தால் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினாலே கெபாசிட்டரை மாற்றுங்கள்.

ரேடியோ கேட்கிறது!

கேபிள் ஆன்டெனாவாகிறது, முதல் வால்வு அந்த அலையைப் பிரித்துப் பேச்சாக்கிவிடுகிறது. கேபிளை மாற்றுங்கள், ஜாக்கைத் துடையுங்கள். பிறகு கிரிட்டுக்கு முன்னால் வரும் 68 கிலோ ஓம் ரெசிஸ்டர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதை வால்வு சாக்கெட்டின் பின்னிலேயே நேரடியாகப் பொருத்தினால் இன்னும் நன்றாகத் தடுக்கும்.

இரண்டு ஆம்பைச் சேர்த்தால் உறுமுகிறது. எர்த் பின்னை விட்டுவிட்டால் நிற்கிறது, அப்படியே ஓட்டலாமா?

கூடாது. உள்ளே எங்காவது கரண்ட் சேசிஸைத் தொட்டால் அதை இழுத்துக்கொண்டு ஃபியூஸைப் போகவைப்பது அந்த எர்த் வயர்தான். அது இல்லையென்றால் அந்தக் கரண்ட் உங்கள் கிட்டார் கம்பிக்கு வரும். கம்பியைப் பிடித்த கையோடு மைக்கில் உதடு பட்டால் உயிர் போகலாம். இரண்டு எர்த் வழிகள் வளையமாகச் சேர்ந்ததால் வரும் உறுமல் அது. ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சிக்னல் ஸ்ப்ளிட்டர் ஒன்றை நடுவே போட்டு, சிக்னல் பக்கத்தில் வளையத்தை உடையுங்கள்.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. பழைய அமெரிக்க ஆம்ப்கள் பலவற்றில் எர்த் இல்லாத இரண்டு பின் பிளக்கும், பின்பக்கம் 'கிரவுண்ட்' ஸ்விட்ச் ஒன்றும் இருக்கும். அந்த ஸ்விட்ச் வழியாக 0.047 மைக்ரோஃபாரட் போன்ற ஒரு கெபாசிட்டர் மின் லைனையும் சேசிஸையும் இணைக்கும். அது ஷார்ட் ஆனால் சேசிஸ் முழுவதும் வீட்டுக் கரண்ட். இதை 'மரண கெபாசிட்டர்' என்றே சொல்வார்கள், பொருத்தமான பெயர். மூன்று வயர் பவர் கார்டு போட்டு, எர்த்தைச் சேசிஸில் தனி போல்ட்டில் இறுக்கி, அந்தக் கெபாசிட்டரை எடுத்துவிட வேண்டும். 'ஒரிஜினலாக இருக்கட்டும்' என்று விட்டுவைக்கக்கூடிய பாகம் அல்ல அது.

ஒரே ஒரு சுரத்துக்கு மட்டும் அதிர்கிறது.

மின்சாரப் பழுதாக இருக்காது. பெட்டியின் திருகு, கைப்பிடி, வால்வு மூடி, எதிரொலி தரும் ரிவெர்ப் பெட்டி என்று ஒவ்வொன்றையும் கையால் அழுத்திக்கொண்டே அந்தச் சுரத்தை வாசியுங்கள். எங்கே அழுத்தும்போது நிற்கிறதோ அங்கே இறுக்குங்கள். எங்கும் நிற்கவில்லையென்றால், ஆம்பை நிறுத்திவிட்டு ஸ்பீக்கர் கூம்பின் இரண்டு பக்கத்தையும் விரல்களால் சமமாக மெல்ல அழுத்திப் பாருங்கள். உரசும் சத்தம் கேட்டால் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் நகர்ந்துவிட்டது.

ரிவெர்பைத் திறந்தால் மட்டும் உறுமுகிறது.

ஸ்ப்ரிங் பெட்டியின் பிக்கப் முனை பவர் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இருக்கும். பெட்டியைத் திருப்பி மாட்டிப் பாருங்கள், அதற்குப் போகும் கேபிளையும் மாற்றிப் பாருங்கள்.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

பவர் வால்வின் தகடு சிவந்து ஒளிர்ந்தால், எரிந்த வாடை வந்தால், ஃபியூஸ் இரண்டாவது முறையும் போனால். போன ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து போவது டிரான்ஸ்ஃபார்மர்.

பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது என்ன சொல்வது?

'சத்தம் வருகிறது' என்று மட்டும் சொல்லாதீர்கள். கேபிள் இல்லாமலும் வருகிறதா, வால்யூமோடு கூடுகிறதா, எந்தச் சுருதி, எத்தனை நிமிடத்துக்குப் பிறகு, எந்த வால்வை எடுத்ததும் நின்றது என்று ஒரு தாளில் எழுதி ஆம்போடு கொடுங்கள். விட்டு விட்டு வரும் சத்தம் என்றால் வரும்போது கைப்பேசியில் பதிந்து வையுங்கள். கழற்றிய பழைய பாகங்கள் எதுவாக இருந்தாலும் ஒரு பையில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.